முற்றிய கத்தரிக்காயை எங்கள் ஊரில் யாரும் வாங்குவதில்லை

ஞாயிற்றுக்கிழமை வேலூர் இலக்கியக் கூட்டத்தில் ஒரு அண்ணன் மேடையேறி, எழுதி முடிக்காத நாவலைப் பற்றிப் பதிவு போடுகிறவர்களைக் கிண்டலடித்தார். அதைப் பற்றி எழுதவே வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். எல்லோருக்கும் தெரிந்த கதைதான். வீடியோவும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் பின்வரிசையில் பச்சைப் புடவையில், அழவும் முடியாமல் சிரிப்பது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருப்பது நான்தான். யார் பெயரையும் சொல்லாமல்தானே பேசினார், நீங்கள் ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று இன்பாக்ஸில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். காட்பாடிக்கும் குடியாத்தத்துக்கும் நடுவில் நடுகல்லையும் நாயையும் வைத்து மாயக்கதை எழுதுகிறவள், வெள்ளிக்கிழமை தவறாமல் எத்தனை சொல் ஆச்சு என்று இங்கே போடுகிறவள், என்னைத் தவிர வேறு யார் இருக்கிறார்களாம்?

"கத்தரிக்கா முத்தினா தானா கடைத்தெருவுக்கு வரும். அதுக்குள்ள தினம் தினம் செடியத் தூக்கிக் காட்டாதீங்கம்மா." அரங்கமே சிரித்தது. சரி, கைதட்டு வாங்குகிற வரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அண்ணா, வேலூரில் நின்றுகொண்டு கத்தரிக்காய் உதாரணம் சொல்லலாமா? இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். அந்தக் காயை வாங்கப் போகிற எவளும் முற்றியதைத் தொட மாட்டாள். காம்பைப் பார்த்து, லேசாக அமுக்கிப் பார்த்து, பிஞ்சாகத்தான் பொறுக்குவாள். முற்றினது விதைக்குத்தான் ஆகும்.

எழுதிக்கொண்டிருப்பதைச் சொல்வது தம்பட்டம் இல்லை. இதை மட்டும்தான் சொல்ல வந்தேன். தம்பட்டம் அடிக்கிறவள் "இந்த வாரம் பூஜ்யம்" என்று பதிவு போடுவாளா? நான் போட்டிருக்கிறேன், ஏழு மாதத்தில் ஐந்து தடவை. எழுதிய 9,000 சொற்களை மொத்தமாக வெட்டி எறிந்ததையும் போட்டேன். அன்றைக்கு விழுந்த விருப்பம் பதினொன்று, அதில் ஒன்று என் தங்கை.

எங்கள் அம்மா குடியாத்தத்தில் கைலி நெய்தவர். விடியற்காலையில் வெயில் ஏறுவதற்குள் தெருவின் நீளத்துக்குப் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூலை, நீட்டிக் கஞ்சி போடுவார்கள். பால்காரர் சைக்கிளை இறங்கித் தள்ளிக்கொண்டு ஒதுங்கிப் போவார். பாதி வேலை நடுத்தெருவில்தான் நடக்கும், ஒளித்து வைக்க இடமும் கிடையாது. அம்மா தறியில் உட்கார்ந்தால் போகிற வருகிற ஒவ்வொருத்தரும் வாசலில் தலையை நீட்டி "இன்னாக்கா, எத்தினி ஆச்சி?" என்பார்கள். அம்மாவும் குறுக்கு நூலோடு ஓடுகிற தறி நாடாவை நிறுத்தாமல் "ரெண்டு அறுத்தாச்சி, மூணாவது ஓடுது" என்பார். அதற்கு யாரும் "நெய்து முடித்துவிட்டு வாயைத் திற" என்று சொன்னதில்லை. எனக்குத் தெரிந்த முன்னேற்ற அறிக்கை அதுதான். நான் வெள்ளிக்கிழமை போடுவதும் அதே "மூணாவது ஓடுது" தான். என்ன, தறிக்குப் பதில் மடிக்கணினி.

தெரியாதவர்களுக்காக ஒரு தடவை நாவலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன் (தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்). 1989இல் பிரிப்பதற்கு முன்னால் எங்கள் வட ஆர்க்காடாக இருந்து இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிற எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, 7ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போய்ச் செத்த ஒருவனுக்கு எடுத்த கல். அதில் அவனோடு அவன் நாயும் நிற்கிறது, பேரோடு. கோவிவன். கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று அந்த நாய்க்கும் எழுத்து வெட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்த நாளில் ஆரம்பித்ததுதான் இது. என் கதையில் கல்லாக நிற்கிறவர்கள் வருடத்தில் ஒரு ராத்திரி இறங்கி நடப்பார்கள். என் ஆளுக்குத் தான் செத்தது தெரியாது, எருமைகளை ஓட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும். நாய்க்கு எல்லாம் தெரியும், ஆனால் அது நாய். பெரிய போர் கிடையாது, மந்திரக்கோல் கிடையாது, உலகத்தைக் காப்பாற்றுகிற வேலையும் கிடையாது. இந்த இரண்டு பேரின் குணம் எங்கே இழுக்கிறதோ அங்கே கதை போகும்.

இப்போது ஆட்சேபங்கள். முதலில், "சொல்லிவிட்டால் எழுதுகிற வேகம் போய்விடும்." இது நியாயமான பயம், நான் சிரிக்க மாட்டேன். சிலருக்கு அப்படித்தான் ஆகும், வாயால் சொல்லித் தீர்த்ததும் கை ஓடாது. எனக்கு அனுபவம் நேர் எதிர். இதற்கு முன்னால் ஒரு நாவல் எழுதினேன், மூன்று வருடம், யாரிடமும் மூச்சு விடாமல். 212 பக்கத்தில் நின்றது. நின்றது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் ஓடியதே யாருக்கும் தெரியாது. அந்த நோட்டுகள் ரெக்சின் பையில் பரண் மேல் கிடக்கின்றன. "எத்தினி ஆச்சி" என்று கேட்க ஒரு ஆள் இருந்திருந்தால் 213ஆம் பக்கம் வந்திருக்கும். வந்திருக்காமலும் போயிருக்கலாம். ஆனால் கேட்டிருப்பார்கள்.

இரண்டாவது, கதையை வெளியே விட்டுவிடுகிறேனாம். எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் கர்ணன் வருவதற்கு முன்னால் இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பின்னாலிருந்து பாட்டு வரும், கிரீடம் கொஞ்சம் தெரியும், கீழே சலங்கைக் கால் தெரியும், கோமாளி வேஷக் கட்டியக்காரன் வேறு நடுவில் புகுந்து வம்பிழுப்பான். கர்ணன் விடிவதற்குள் சாகப் போகிறான் என்பது பாயில் தூங்குகிற பிள்ளைக்கும் தெரியும். யாராவது எழுந்து போனார்களா?

மூன்றாவது, விருப்பக்குறிக்கு அலைகிறாளாம். ஆமாம், கொஞ்சம் அலைகிறேன்தான். மேலே போகலாம்.

இங்கே போட்டதால் என்ன கிடைத்தது என்று கேட்டால் ஒன்று சொல்கிறேன். நாலாவது மாதம் ஒரு பதிவின் கீழே ஒரு அம்மா கேட்டார், கணியம்பாடிப் பக்கம் மாடு வளர்க்கிறவர், இலக்கியக் கூட்டத்துக்கெல்லாம் வருகிறவர் இல்லை. "நாய் பேர் கூட கல்லுல கீது, அவன் பொண்டாட்டி பேர் இல்லியா?" இல்லை. கல்லிலும் இல்லை, அதுவரை என் 31,000 சொற்களிலும் இல்லை. ஒரு வாரம் எழுத முடியவில்லை. அப்புறம்தான் வீட்டில் விளக்கோடு நிற்கிற அந்தப் பெண் வந்தாள். இன்றைக்குப் பாதி நாவல் அவளுடையது. முற்றிய பிறகு கடைத்தெருவுக்கு வந்திருந்தால் அவள் இல்லாமலேயே அச்சாகியிருக்கும், நீங்களும் அரங்கத்தில் அதைப் பாராட்டியிருப்பீர்கள்.

பாராட்டியிருக்க மாட்டீர்கள். ஏனென்றால் உங்கள் அடுத்த கிண்டல் மொழியைப் பற்றி. பல்லவர் காலத்து வீரன் "இன்னா", "வந்துகினு கீறேன்" என்று பேசுகிறானாம், அதற்கும் சிரிப்பு. எருமை மேய்க்கப் போனவன் சினிமா ராஜா மாதிரி "யாரங்கே" என்று பேசியிருப்பான் என்று யார் வந்து சொன்னது? மதுரைத் தமிழில் ஒருவன் பேசினால் மண்வாசனை, நெல்லைத் தமிழ் என்றால் அழகு, எங்கள் வாயில் வந்தால் மட்டும் காமெடி டிராக். ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று எங்கள் வேலூரைச் சொல்லிச் சிரித்துப் பழகிவிட்டது எல்லோருக்கும். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு வந்தபோது வந்து பார்த்திருக்க வேண்டும்.

எங்கேயோ போய்விட்டேன், தெரிகிறது.

என்ன வலிக்கிறது என்றால், என்னுடைய முதல் எட்டுப் பதிவுகளுக்கும் இதயம் போட்டவர் அதே அண்ணன்தான். நேற்று ராத்திரி ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். ஆமாம், உட்கார்ந்து பார்த்தேன், அந்த அளவுக்கு வேலையில்லாதவள்தான். மூன்றாவது பதிவில் "எழுதுங்க தங்கச்சி, காத்திருக்கோம்" என்று இருக்கிறது. அதை நம்பித்தான் அந்த மாதம் ஓடியது. மேடையில் பேசும்போது அது உங்களுக்கு ஞாபகம் வரவில்லை, பரவாயில்லை.

அம்மா கடைசியாகத் தறியில் ஏற்றிய பாவு பாதியிலேயே நின்றுவிட்டது. கூலி கட்டுப்படியாகவில்லை, முதலாளியும் நூல் கொடுப்பதை நிறுத்திவிட்டார். ஆறு மாதம் அப்படியே கிடந்தது. அந்த ஆறு மாதமும் வாசலில் யாரும் தலையை நீட்டவில்லை. தெருவில் எல்லோருக்கும் விஷயம் தெரியும், அதனால் பார்க்காத மாதிரி போனார்கள். அம்மா மட்டும் தினம் சாயங்காலம் வாசல் கதவைத் திறந்து வைப்பார்.

சரி. புதன்கிழமையிலேயே போடுகிறேன், வெள்ளி வரை பொறுக்க முடியவில்லை. இந்த வாரம் 410 சொற்கள். அதில் 300 கோபத்தில் எழுதியது, நாளைக்கு வெட்டிவிடுவேன். மொத்தம் 62,400. அவள் விளக்கில் எண்ணெய் தீரப்போகிறது, எருமைகள் இன்னும் வீடு வந்து சேரவில்லை.