ரெசொனேட்டர் கிட்டார்: ஆறு கம்பியையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள்

"சாதாரண கிட்டார் மாதிரியே எல்லாக் கம்பியையும் கழற்றித் துடைத்துவிட்டுப் புதுசு மாட்டலாம்" என்று ரெசொனேட்டர் கிட்டாருக்கு (உள்ளே உள்ள உலோகக் கூம்பு ஒலியைப் பெருக்கும் கிட்டார்) ஒரு குறிப்பு சொல்கிறது. பிஸ்கட் பிரிட்ஜ் வகைக்கு, அதாவது கம்பிகளைத் தாங்கும் சிறு மரவட்டு அந்தக் கூம்பின் மேல் உட்காரும் வகைக்கு, அது சரிவராது. உள்ளே இருக்கும் மெல்லிய அலுமினியக் கோன் (கூம்பு) ஒட்டப்பட்டதல்ல. கம்பிகளின் அழுத்தம்தான் அதை இடத்தில் உட்கார வைக்கிறது. மொத்தமும் தளர்ந்தால் கோன் நகரலாம். மறுபடி இறுக்கியதும் கிர்ரென்ற அதிர்வு, சுருதிப் பிசகு. ஒவ்வொரு கம்பியாக மாற்றுங்கள்.

தடித்த .016–.056 கம்பி செட் (எண்கள் அங்குலத்தில் கம்பியின் தடிமன்) எல்லா ரெசொனேட்டருக்கும் ஏற்றது என்று அதே குறிப்பு சொல்வதும் தவறு. அது மடியில் கிடத்தி வாசிக்கும் சதுரக் கழுத்துக்கு, ஜி-பி-டி-ஜி-பி-டி சுருதிக்கு (ஆறாம் கம்பியிலிருந்து முதல் கம்பி வரை). சாதாரண கிட்டார் போலப் பிடித்து வாசிக்கும் உருண்டைக் கழுத்தில் அந்தச் சுருதி வைத்தால் ஆறாம் கம்பி 'ஈ'யிலிருந்து 'ஜி'க்கு ஏறும், கழுத்து வளையலாம். அங்கே .013-இல் தொடங்கும் செட் போட்டு டி-ஜி-டி-ஜி-பி-டி வையுங்கள்: வழக்கமான ஈ-ஏ-டி-ஜி-பி-ஈ சுருதியிலிருந்து மூன்று கம்பி இறங்கும், எதுவும் ஏறாது.