ஷட் டவுன் என்றால் ஷட் டவுன் ஆகித் தொலையேன்!

இரவு 9.15. ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மேசைக்கு அடியில் குனிந்து சிபியு மேல் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 46 வயதுப் பொம்பளை ராத்திரி நேரத்தில் மேசைக்கு அடியில் என்ன தேடுகிறாள் என்று ரோட்டில் போகிறவர்கள் குனிந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஃபேன் நின்றதா ஓடுகிறதா என்று பார்க்கிறேன் சாமி, வேறென்ன. ஓடுகிறது. ஷட் டவுன் கொடுத்து, திரை கறுத்து ஐந்து நிமிடம் ஆகிறது. மானிட்டர் சிக்னல் இல்லை என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டது. சிபியு முகப்பில் மட்டும் அந்த நீல விளக்கு கண் கொட்டாமல் என்னை முறைக்கிறது.

ஐந்து மாதம் இந்தக் கூத்து.

தர்மபுரி நாலு ரோட்டுப் பக்கம் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம், அவசரத்துக்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. திங்கட்கிழமை என்றால் மூச்சுவிட நேரம் இருக்காது. கலெக்டர் ஆபீஸில் மனு நாள். அரூர், பாலக்கோடு, பென்னாகரம் என்று எங்கிருந்தெல்லாமோ முதல் பஸ் பிடித்து வந்து, எட்டாக மடித்த தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டுவார்கள். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வரப்புத் தகராறு. தமிழ் எழுத்துருவும் பிரிண்டரும் இந்த ஒரு சிஸ்டத்தில்தான். பக்கத்து மேசையில் இருப்பது ஸ்கேன் எடுக்க மட்டும். பகலெல்லாம் மாடாக உழைக்கிற ஜீவனை ராத்திரியில் திட்டுவானேன் என்றுதான் முதல் மாதம் பொறுத்துக்கொண்டேன். கடை மூடும் நேரத்தில் மனு வாங்க வந்த ஒரு பெரியவர், திரையில் சுற்றிக்கொண்டே இருந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம மனு மாதிரியே சுத்துதேம்மா" என்றார். எந்த மனு, எங்கே சுற்றுகிறது என்று நான் கேட்கவில்லை. எனக்கே என் கவலை.

பவர் பட்டனை நாலு நொடி அழுத்திப் பிடித்தால் அணைந்துவிடும், அது எனக்கும் தெரியும். அது எதற்காக வைத்தது? சிஸ்டம் உறைந்துபோய்க் கிடக்கும்போது, வேறு வழியே இல்லாதபோது கழுத்தைப் பிடித்து நெரிக்கத்தான். தினமும் செய்கிற வேலையா அது? என்றைக்காவது டிஸ்க்கில் ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும்போது நெரித்து வைத்து, மறுநாள் திங்கட்கிழமை சிஸ்டம் ஏறாமல் போனால், வாசலில் நிற்கும் நாற்பது பேருக்கு யார் பதில் சொல்வது?

ஒரு நாள் நல்லம்பள்ளி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், நாலு நொடி கூட நிற்க நேரமில்லாமல் அப்படியே பூட்டிவிட்டு ஓடிவிட்டேன். ராத்திரி 2 மணிக்கு போன். மாடியில் குடியிருக்கும் கட்டட உரிமையாளர். "உங்க கடைக்குள்ள பல்லி மாதிரி என்னமோ கத்திக்கிட்டே இருக்கும்மா, பேரக்குழந்தை எழுந்து அழுவுது." கரன்ட் போயிருக்கிறது, யூபிஎஸ் கத்துகிறது. யாருமில்லாத இருட்டுக் கடையில், வேலையே செய்யாத ஒரு சிஸ்டத்தைக் காப்பாற்றுவதற்காக யூபிஎஸ் தன் பேட்டரியைக் கரைத்துக்கொண்டிருக்கிறது! அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை, கணக்குத்தான் வந்தது. சாதாரண டெஸ்க்டாப் சும்மா இருந்தாலே 40, 50 வாட் இழுக்கும். 12 மணி நேரத்துக்கு ஏறக்குறைய அரை யூனிட். கடைக் கனெக்‌ஷன், வீட்டுக்குக் கிடைக்கிற இலவச யூனிட்டெல்லாம் இதற்குக் கிடையாது.

சரி, சர்வீஸுக்கு ஆள் கூப்பிட்டேன். அங்கேதான் என் வயிற்றெரிச்சல் ஆரம்பம்.

முதலில் வந்த தம்பி என்ன கோளாறு என்று முழுசாகக் கேட்கவே இல்லை. "அக்கா, ரேம் தொடைச்சா போதும்." ரேமைக் கழற்றி, என் மேசையிலிருந்த ரப்பரையே எடுத்துத் தேய்த்து, ஊதி, சொருகினான். இந்த ஊரில் கம்ப்யூட்டருக்கு எந்த வியாதி வந்தாலும் முதல் வைத்தியம் ரப்பர்தான். அணைக்கச் சொன்னேன். திரை கறுத்தது, ஃபேன் ஓடியது. "சூடு அதிகமா இருக்குக்கா, கொஞ்ச நேரத்துல நின்னுடும்" என்று 200 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

இரண்டாவது ஆள் அனுபவசாலி. டப்பாவைத் தட்டிப் பார்த்ததுமே, "எஸ்எம்பிஎஸ் போயிடுச்சு, மாத்தணும்" என்றார். கரன்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற டப்பாவுக்குத்தான் அந்தப் பெயர். மாற்றினார். 1,100 ரூபாய். அன்று இரவும் ஃபேன் ஓடியது, புது எஸ்எம்பிஎஸ் என்பதால் சத்தம் மட்டும் கொஞ்சம் குறைவு. பிறகுதான் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். எல்லாப் பாகமும் சொருகியிருக்கிற மதர்போர்டுக்குப் போகும் அந்த 24 பின் கொத்தில் பச்சை நிறத்தில் ஒரு ஒயர் இருக்கிறது. அதை போர்டு 'கிரவுண்ட்' எனும் கறுப்பு ஒயரோடு சேர்த்துப் பிடித்திருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் ஓடும், விட்டால் நிற்கும். அவ்வளவுதான் அதன் பிழைப்பு. ஓடு என்றால் ஓடும், நில் என்றால் நிற்கும். போர்டு பிடியை விடாமல் இருப்பதற்கு எஸ்எம்பிஎஸ் என்ன பாவம் செய்தது? போர்டிலிருந்து கழற்றி, பச்சையையும் கறுப்பையும் ஒரு கம்பியால் சேர்த்துவிட்டு எடுத்துப் பார்த்திருந்தால் இரண்டே நிமிடத்தில் தெரிந்திருக்கும். எடுத்ததும் நின்றால் அது நல்ல எஸ்எம்பிஎஸ். என் பழையதை அவர் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். இந்நேரம் யார் வீட்டில் 'புதுசாக' ஓடிக்கொண்டிருக்கிறதோ.

மூன்றாவது ஆள் ஒரே வார்த்தை. ஃபார்மட். டிரைவை அழித்து விண்டோஸை மறுபடி ஏற்றுவது. எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. தலைவலிக்குத் தலையை மாற்றுகிற வைத்தியம். முதலில் கோப்புகளை வேறு இடத்தில் எடுத்து வைக்கச் சொன்னேன், 'டி டிரைவ் தொடமாட்டேங்க்கா' என்றார். டி டிரைவைத் தொடவில்லைதான். பாமினி முதல் பத்து வருடமாகச் சேர்த்த எழுத்துரு அத்தனையும் சி டிரைவில் இருந்தது. மறுநாள் ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திறந்தால், மணமகன் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் கமாவும் புள்ளியுமாகக் கிடக்கிறது. பிரிண்டரோடு விண்டோஸைப் பேச வைக்கிற டிரைவர் மென்பொருளும் இல்லை. அரை நாள் கடையை மூடி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏற்றினேன்.

ஆனால் ஒன்று. ஃபார்மட் செய்த அன்று இரவு சிஸ்டம் 'டக்' என்று அணைந்தது. மறுநாளும் அணைந்தது. மூன்றாம் நாள் மதியம் அப்டேட் என்று ஏதோ ஓடியது, ராத்திரி பழையபடி ஃபேன். சர்வீஸ்காரருக்கு போன் போட்டு இதை அப்படியே சொன்னேன். "உங்க சிஸ்டத்துக்கு வயசாயிடுச்சுக்கா, புதுசு போட்டுடுங்க" என்கிறார். மூன்று நாளில் எப்படி ஐயா வயசாகும்?

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். இனி ஒருத்தரும் வேண்டாம்.

நான் படித்ததில் எனக்கு அதிகமாகக் கோபம் வந்தது ஒரு விஷயத்துக்கு. விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்தே ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் கிடையாது! 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலான சிஸ்டத்தில் நாம் கேட்காமலேயே ஆனில் இருக்கும். நாம் அணைக்கும்போது திறந்திருக்கிற புரோகிராம்களை மூடிவிட்டு, விண்டோஸின் உள் பாகத்தை மட்டும் அப்படியே டிஸ்க்கில் ஒரு கோப்பாக எழுதி வைத்துக்கொள்ளும். காலையில் முதலிலிருந்து எழாமல் அந்தக் கோப்பை எடுத்து விரித்துக்கொள்ளும். கடையைக் கூட்டிப் பெருக்காமல் மேலே ஒரு படுதாவைப் போர்த்திவிட்டுப் போகிற மாதிரி. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் உண்மையில் எல்லாம் மூடி, எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். 'ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்று எத்தனை பேருக்கு நான் அறிவுரை சொல்லியிருக்கிறேன்! நம்பிக்கை வராமல், ஒழுங்காக அணைகிற அந்த ஸ்கேன் சிஸ்டத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'சிபியு' என்கிற பக்கத்தில் 'அப் டைம்', அதாவது கடைசியாக முதலிலிருந்து எழுந்து எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்கிற கணக்கைப் பார்த்தேன். 11 நாள் என்று காட்டுகிறது. தினமும் ராத்திரி அணைக்கிறேன், 11 நாளாக ஓடுகிறேன் என்கிறது. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

அதை எடுத்துவிட வேண்டுமென்றால் கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்கிற பக்கம், இவ்வளவும் போக வேண்டும். போனால் அந்த டிக் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கிறது, தொட முடியாது. மேலே சின்ன எழுத்தில் ஒரு வரி: தற்போது கிடைக்காத அமைப்புகளை மாற்று. கிடைக்காததை எப்படியப்பா மாற்றுவது? அதைத்தான் சொடுக்க வேண்டுமாம்! சொடுக்கினால் டிக்குக்கு உயிர் வருகிறது. எடுத்தேன். சேவ் கொடுத்தேன்.

நின்றதா? இரண்டு நாள் நின்றது, மூன்றாம் நாள் ஓடியது. அழுகை வராத குறை.

அந்த 'மூன்றாம் நாள் அப்டேட்' மட்டும் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அப்டேட் என்னென்ன ஏற்றியது என்று வரலாற்றைத் திறந்து பார்த்தேன். டிரைவர்கள் வரிசையில் 'மேனேஜ்மென்ட் எஞ்சின் இன்டர்ஃபேஸ்' என்று ஒன்று. போர்டின் சிப்செட்டுக்குள் தனியாக ஒரு குட்டி மூளை இருக்கிறதாம், அதனோடு விண்டோஸ் பேசுவதற்கான டிரைவர் இது. நாம் சிஸ்டத்தை அணைத்த பிறகும், பிளக்கில் கரன்ட் இருக்கிறவரை அந்தக் குட்டி மூளை விழித்துக்கொண்டே இருக்குமாம். சரிதான், எங்கள் மாமியார் மாதிரி. பழைய போர்டில் இந்த டிரைவரின் புது பதிப்பு ஏறினால் கடைசி நொடியில் பவரை விடாமல் பிடித்துக்கொள்வது பலருக்கும் நடந்திருக்கிறது. டிவைஸ் மேனேஜருக்குப் போய், சிஸ்டம் டிவைசஸ் பட்டியலில் அதைத் தேடி, டிசேபிள் கொடுத்தேன். ஷட் டவுன்.

டக்.

ஃபேன் நின்றது. நீல விளக்கு போனது. கடைக்குள் டியூப் லைட் சோக்கின் முனகல் கேட்கிற அளவுக்கு அமைதி. ஐந்து மாதம், மூன்று ஆள், பழைய எஸ்எம்பிஎஸ், பத்து வருட எழுத்துரு, எல்லாம் ஒரே ஒரு வலது கிளிக்கில் இருந்திருக்கிறது! ஒருத்தராவது டிவைஸ் மேனேஜரைத் திறந்தார்களா? 'எப்போதிலிருந்து இப்படிக்கா?' என்று ஒரு கேள்வி கேட்டார்களா? ரப்பர் எடுக்கத் தெரிகிறது, ஃபார்மட் அடிக்கத் தெரிகிறது. மெக்கானிக் கடையில் வண்டியைக் கொண்டுபோய் விட்டால்கூட முதலில் ஓட்டிப் பார்ப்பார்கள்.

அப்புறம் அதை டிசேபிளிலேயே விடாமல், போர்டு தயாரித்தவர்களின் தளத்திலேயே எங்கள் மாடலுக்கென்று போட்டிருந்த பழைய டிரைவரை இறக்கி ஏற்றினேன். அப்டேட் மறுபடி புதுசைத் திணிக்காமல் இருக்க, சிஸ்டம் பிராப்பர்ட்டீஸின் ஹார்டுவேர் தாவலில் டிவைஸ் இன்ஸ்டாலேஷன் செட்டிங்ஸில் 'நோ' போட்டு வைத்தேன். இன்றோடு மூன்று வாரம். ஒரு நாள் தப்பாமல் அணைகிறது.

நேற்று 9.10-க்கெல்லாம் ஷட்டரை இறக்கிப் பூட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறேன். பக்கத்து டீக்கடை அண்ணன் ஷட்டரின் இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உள்ள செகப்பு லைட்டு எரியுது, கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணல போலிருக்கே" என்கிறார். மவுஸ். சிஸ்டம் அணைந்தாலும் எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை கொடுத்துக்கொண்டே இருக்கும், சில போர்டில் யூஎஸ்பிக்கும் அது போகும், மவுஸ் வயிறு சிவப்பாக மின்னும், போர்டின் சொந்த செட்டிங்ஸான பயாஸில், அந்த மிச்சக் கரன்டை நிறுத்துகிற 'ஈஆர்பி' என்பதைப் போட்டால் அதுவும் போய்விடும். இதையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன். நல்லம்பள்ளி பஸ் ஹாரன் அடித்தது. "அது அப்படித்தாண்ணா எரியும்" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.