செம்பூராங்கல்லுக்கு ரெண்டு எர்த் குழி போதுமாம்!

தஞ்சாவூர் வண்டல் மண்ணில் கட்டும் அரசு ஆபீஸுக்குப் போட்ட எலக்ட்ரிக்கல் எஸ்டிமேட்டில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி, காரைக்குடி, தேவகோட்டை என்று எழுதி அனுப்புகிற புண்ணியவான்களே, கொஞ்சம் மண்ணையும் பாருங்கள்! "பைப் எர்த், 2 எண்ணம்." கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்க ரெண்டு குழியில் பைப் நடுவது; இதுதான் டிசைனாம். ஏசி எத்தனை டன் என்பதற்கு மூன்று மீட்டிங். அடியில் கிடப்பது செம்பூராங்கல் (இறுகிப் போன செம்மண் கல்) என்றால் மட்டும், "அதெல்லாம் சைட்டில் பார்த்துக்கலாம் சார்."

சைட்டில் என்ன பார்க்கிறார்கள்? நாலடியில் கடப்பாரை 'டங்' என்கும். பைப்பைப் பாதியில் அறுத்து நட்டு, மேலே செங்கல் தொட்டி கட்டி மூடி போட்டால் லட்சணமாகத்தான் இருக்கும். டெஸ்ட் அன்று காலையில் பத்துக் குடம் தண்ணீர் ஊற்றினால் ஈரத்தில் தடை குறைந்து, அதை அளக்கும் எர்த் மெகரும் சிரிக்கும். சித்திரை வெயிலில் அளக்க ஒருத்தரும் வருவதில்லை.

மண் கரண்டை எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் தடை எண் 500 ஓம்-மீட்டர் என்று வையுங்கள்; வறண்ட கல் தரைக்கு இது ஒன்றும் அதிகமில்லை. 40 மி.மீ. பைப் 3 மீட்டர் முழுசாக இறங்கினாலும், எர்த்திங்குக்கான இந்தியத் தரநூல் ஐஎஸ் 3043 சூத்திரப்படி ஒரு குழிக்குச் சுமார் 150 ஓம் தடை. ரெண்டு குழி தள்ளித் தள்ளி இருந்தால் 75. மின்வாரிய நியூட்ரலோடு எர்த் சேராத இணைப்பில் வாட்டர் கூலர் பாடியில் ஃபேஸ் பட்டால் ஓடுவது வெறும் 3 ஆம்பியர். கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் எம்சிபி சுவிட்சில் 6 ஆம்பியர் சைஸ்கூட அசையாது. மனு கொடுக்க வந்த பெரியவர் தண்ணீர் பிடிக்கக் கை வைக்கும்வரை அந்தக் கூலர் 230 வோல்ட்டைச் சுமந்துகொண்டு நிற்கும்.

கரியும் உப்பும் போட்டால் தடை குறையும்தான். ஆனால் உப்பு மழைக்கு மழை கரையும். கரைவதற்குள் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பையும் அரிக்கும். உலோக அரிப்பை ஆராய்கிற சிக்ரி என்ற மத்திய ஆய்வகம் 1953-லிருந்து காரைக்குடியிலேயே இருக்கிறது, என்ன பிரயோஜனம்!

எஸ்டிமேட் போடும் முன்பே வெயில் காலத்தில் நாலு கம்பி நட்டு மண்ணின் தடை எண்ணை அளந்து பாருங்கள். கல் என்றால் போர்வெல் வண்டியை வைத்துத் துளை போட்டு, செம்பு பூசிய 3 மீட்டர் ராடு இறக்கி, சுற்றிலும் ஈரத்தைப் பிடித்து வைக்கும் பென்டோனைட் களிமண்ணை நிரப்புங்கள். ராடுக்கு ராடு 6 மீட்டராவது இடைவெளி வேண்டும். நெருக்கி நட்டால் ஒன்றின் பலனை இன்னொன்று தின்னும். எல்லாவற்றையும் உலோகப் பட்டையால் கோத்து அஸ்திவாரக் கம்பியோடும் சேருங்கள். அதற்கு எலக்ட்ரிக்கல் ஆளைக் கான்கிரீட் போடுவதற்கு முன்னால் கூப்பிட வேண்டும், பெயின்ட் அடிக்கிற அன்றைக்கு இல்லை!

30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்சுக்கு 150 ஓம் எர்த்தே தாராளம், டக்கென்று விழும். அதையாவது விட்டுவைக்கிறார்களா? "அடிக்கடி ட்ரிப் ஆகுது" என்று பைபாஸ்! ஆகாமல் என்ன செய்யும்? ரெண்டு சர்க்யூட்டின் நியூட்ரலை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒன்றாக முறுக்கி வைத்திருக்கிறார்கள்; போன கரண்ட் வேறு வழியில் திரும்புவதை ஆர்சிசிபி கசிவென்றே எடுத்துக்கொள்ளும். அந்த முறுக்கைத் தேடிப் பிரிக்க ஒரு நாள் ஆகும். பைபாஸுக்கு ஒரு முழ வயர் போதும்.