நடை மட்டும் போதவில்லை

ஆரோக்கியமாக இருக்க வாரத்துக்கு 150 நிமிட நடை வேண்டும் என்று நான் படித்த ஒரு கட்டுரை வலியுறுத்துகிறது. சரிதான். ஆனால் 1948இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் உடல், மனம், சமூகம் மூன்றின் நலனையும் சேர்த்தே ஆரோக்கியம் என்கிறது.

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுத் தொழில் எனக்கு. விடியும் முன்பே தலைவிளக்குடன் மரம் மரமாக நடப்பேன், உடம்பில் குறையில்லை. மனைவி இறந்தபின் பசியும் உறக்கமும் போயின. மழையால் வெட்டு நின்ற நாட்கள்தான் மிகக் கொடுமை, பேச ஆளில்லை. பக்கத்து வீட்டு அக்கா மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் கொண்டுவந்து, சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே அமர்ந்திருப்பார். அந்த அரைமணி நேரம்தான் என்னை மீட்டது. இப்போது மாலையில் திற்பரப்பு வரை நான்கு பேராக நடக்கிறோம். தனியாக இருக்கும் இன்னொருவரையும் நாளை அழைக்கப்போகிறேன்.