ஐயாயிரம் பேரும் ஒரு பீரோவும்

(மேற்கு மாம்பலம். தெருமுனையில் இஸ்திரி வண்டி. முருகேசன் பெட்டிக்குள் கரியை ஊதிக்கொண்டிருக்கிறார். பாலாஜி துணி மூட்டையோடு வருகிறார்.)

முருகேசன்: என்ன சார், சட்டையை விட முகம் கசங்கியிருக்கு?

பாலாஜி: நாளைக்கு வீடு மாற்றுகிறேன் அண்ணே. அம்மாவுக்குச் சீராக வந்த பீரோ, இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. இறக்க நாலு பேர் வேண்டும்.

முருகேசன்: உங்களுக்கா ஆள் பஞ்சம்? ஃபேஸ்புக்கில் ஃப்ரெண்ட்ஸ் கோட்டா நிரம்பிவிட்டது என்று போன வாரம்தானே எனக்குப் போண்டா வாங்கிக் கொடுத்தீர்கள்?

பாலாஜி: 5000. அதற்கு மேல் அவனே சேர்க்க விடமாட்டான்.

முருகேசன்: அதில் நாலு பேர் தேறாதா?

பாலாஜி: காலையிலேயே பீரோவைப் படம் எடுத்து, 'யார் கை கொடுப்பீர்கள்?' என்று போட்டேன். 40 பேர் கை கொடுத்திருக்கிறார்கள்.

முருகேசன்: அப்புறம் என்ன கவலை?

பாலாஜி: எல்லாம் மஞ்சள் கை அண்ணே. கும்பிடுகிற கை, தட்டுகிற கை, புஜம் காட்டுகிற கை. ஒருத்தர் பீரோ என்ன விலை என்று கேட்டிருக்கிறார்.

முருகேசன்: சரி, ஆபீஸில்? உங்களுக்குக் கீழே பதினாறு பேர் என்பீர்களே.

பாலாஜி: போன மாதம்தான் எல்லாரையும் ரிசார்ட்டுக்குக் கூட்டிப் போனார்கள். கண்ணை மூடிக்கொண்டு நான் பின்பக்கமாகச் சாய வேண்டும், டீம் தாங்கிப் பிடிக்க வேண்டும். நம்பிக்கை வளருமாம்.

முருகேசன்: பிடித்தார்களா?

பாலாஜி: என்னைப் பிடித்தார்கள். பீரோவைப் பிடிக்க ஆள் இல்லை. ஒருவனுக்குப் பாட்டி இறந்துவிட்டார்.

முருகேசன்: அடப் பாவமே!

பாலாஜி: அதே பாட்டி. மூன்றாவது தடவை.

முருகேசன்: கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லையா சார்?

பாலாஜி: தம்பி இருக்கிறான், தாம்பரத்தில்.

முருகேசன்: பேசி எத்தனை நாள் ஆச்சு?

பாலாஜி: அவன் ஸ்டேட்டஸை நான் பார்ப்பேன். பார்த்தது அவனுக்குத் தெரியும். என்னுடையதை அவன் பார்ப்பான். அது எனக்குத் தெரியும்.

முருகேசன்: பார்த்துப் பார்த்துப் பேசாமல் போனால் எங்கள் ஊரில் அதற்குப் பேர் பங்காளிச் சண்டை.

பாலாஜி: சண்டையெல்லாம் இல்லை! தை மாதம்கூட பால் பொங்குகிற படம் போட்டிருந்தான். பொங்கல்தானே என்று ஹார்ட் போட்டேன்.

(முருகேசன் பாலாஜியின் மூட்டையைப் பிரிக்கிறார். பச்சைக் கட்டம் போட்ட சட்டை ஒன்றை எடுத்தவர், அப்படியே நிற்கிறார்.)

முருகேசன்: இதை இப்போதுதானே தேய்த்து அடுக்கினேன்?

பாலாஜி: என்னிடம் ஒன்றுதான் அண்ணே. அப்பா இருந்தபோது, கடைசித் தீபாவளிக்கு ஒரே துணியில் எனக்கும் தம்பிக்கும் தைத்தது.

(முருகேசன் அடுக்கிலிருந்து இன்னொரு பச்சைக் கட்டத்தை உருவுகிறார். ஒரு சைஸ் சின்னது.)

முருகேசன்: அடுத்த தெரு, மாடி வீடு. தை மாதம்தான் பால் காய்ச்சிக் குடி வந்தார்கள்.

பாலாஜி: (நெற்றியைப் பிடித்துக்கொண்டு) பால் காய்ச்சினானா!

முருகேசன்: உங்களுக்குச் சொல்லவே இல்லையா?

பாலாஜி: குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சொல்லியிருப்பான். அதை மியூட் செய்து வைத்திருக்கிறேன்.

முருகேசன்: எவ்வளவு நாளாக?

பாலாஜி: எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று இருக்கும். நான்... மூன்றாவது.

முருகேசன்: (துணி அடுக்கைக் கையில் திணித்து) ஆறு உருப்படி. நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். காசு வாங்க மறக்காதீர்கள்.

பாலாஜி: பீரோ தூக்கத்தான் வந்தாயா என்று கேட்டால்?

முருகேசன்: இஸ்திரித் துணி கொண்டுவந்தேன் என்று சொல்லுங்கள். பீரோவை ரெண்டாவது காபிக்கு அப்புறம் எடுங்கள்.

பாலாஜி: சரி. போவதற்கு முன்னால் ரெண்டு சட்டையையும் ஒன்றாக வைத்து ஒரே ஒரு செல்ஃபி...

(முருகேசன் பதில் சொல்லவில்லை. இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுக்கிறார். பாலாஜி அடுத்த தெருவைப் பார்த்து ஓடுகிறார்.)