மலையில் கல்யாணம் என்றால், மழை வந்தால் என்ன செய்வது?

சென்ற ஜூலையில் என் அக்காள் மகள், கொலராடோவின் ராக்கி மலைத் தேசியப் பூங்காவில், லில்லி ஏரிக்கரையில் திருமணம் செய்துகொண்டாள். மணமக்களைத் தவிர அங்கே இருந்தவர்கள் நானும் ஒரு புகைப்படக்காரரும் மட்டுமே. செய்தி ஊருக்குப் போனதிலிருந்து வந்த கேள்விகளில் பாதி, "ஏன் இப்படி ஓடிப்போய்?" என்பது, மறுபாதி, "நடுவில் மழை பிடித்துக்கொண்டிருந்தால்?" என்பது. முதல் கேள்விக்கு அவளே பதில் சொல்லிக்கொள்வாள். அந்த மலையடிவாரத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குடியிருப்பவன் என்ற உரிமையில், இரண்டாவதற்கு நான் சொல்கிறேன்.

'எலோப்மென்ட்' என்ற சொல்லில் பெற்றோருக்குத் தெரியாமல் ஓடுவது என்ற பொருள் இன்று அமெரிக்காவில் பெரும்பாலும் தேய்ந்துவிட்டது. மண்டபமும் கூட்டமும் இல்லாமல், மனத்துக்குப் பிடித்த ஓரிடத்தில் இருவர் மணந்துகொள்வதையே இப்போது அப்படிச் சொல்கிறார்கள். (நம் ஊரில் சாதி மாறிக் காதலித்துவிட்டு உயிருக்கு அஞ்சி ஓடுகிறவர்களையும் இதையும் ஒரே சொல்லால் குறிப்பது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.) கொலராடோ சட்டப்படி மணமக்கள் தங்கள் திருமணத்தைத் தாங்களே நடத்திக்கொள்ளலாம், நடத்திவைப்பவரும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) அலுவலகத்தில் உரிமம் வாங்கி 35 நாட்களுக்குள் மணந்துகொண்டால் போதும். புரோகிதர் இல்லாத திருமணம் செல்லும் என்று 1967-இலேயே சட்டத் திருத்தம் கொண்டுவந்த மாநிலத்துக்காரர்களான நமக்கு இதில் வியப்பு பெரிதாக இருக்கக் கூடாது.

இனி வானிலைக்கு வருகிறேன். ராக்கி மலையின் கோடைமழை, 'எப்போது வரும் என்றே தெரியாது' என்று சொல்லுமளவுக்கு நெறிகெட்டதன்று. காலையில் வெயில் சரிவுகளைச் சூடாக்க, சூடான காற்று மேலேறுகிறது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் தெற்கிலிருந்து வரும் பருவக்காற்றின் ஈரமும் அதனோடு சேர, பதினொரு மணி வாக்கில் சிகரங்களின் மேல் பஞ்சுபோல் தெரிந்த மேகம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கருத்து, இடியும் ஆலங்கட்டியுமாக இறங்கிவிடும். இதனால்தான் நண்பகலுக்குள் மர எல்லைக்குக் கீழே வந்துவிட வேண்டும் என்று மலையேறுகிறவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பூங்காவில் ஏறத்தாழ 11,400 அடிக்கு மேல் மரமே கிடையாது. அங்கே நிற்பவர்தான் சுற்றுவட்டாரத்தில் மிக உயரமான பொருள், மின்னலுக்கு அதுவே போதும். 12,183 அடி வரை ஏறும் டிரெயில் ரிட்ஜ் சாலையோரத்தில், பிற்பகல் மூன்று மணிக்கு வெள்ளை கவுன் காற்றில் பறக்கப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு ஜோடியை நானே பார்த்திருக்கிறேன். அதைத் துணிச்சல் என்று என்னால் பாராட்ட முடியவில்லை.

எனவே எங்களுக்கு மிகவும் உதவியது, யாரும் எதிர்பாராத வகையில், நம்முடைய முகூர்த்த வழக்கம்தான். மண்டபத்தில் நாலரை ஆறு முகூர்த்தம் என்றால் முகம் சுளிப்பேன். ராக்கி மலைக்கு அதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை. பூங்காவில் திருமணம் செய்ய முன் அனுமதி கட்டாயம், இடமும் நேரமும் அதில் குறிக்கப்பட்டுவிடும் என்பதால், கிடைக்கக்கூடிய முதல் வேளையையே கேட்டு வாங்கினோம். லில்லி ஏரி ஏறத்தாழ 8,900 அடி உயரத்தில், அதாவது நம் தொட்டபெட்டாவைவிடச் சற்று மேலே இருக்கிறது. ஜூலையிலும் விடியற்காலையில் கம்பளி வேண்டியிருக்கும் என்பதால் பட்டுப்புடவைக்கு மேல் அவள் என்னுடைய பழைய ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள்.

இவ்வளவு கணக்குப் போட்டும், அன்றைக்கு ஏரியே தெரியாத மூடுபனி. 14,259 அடி லாங்ஸ் சிகரம் எதிரே நிற்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. நாங்கள் நாற்பது நிமிடம் காருக்குள் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்த காபியைக் குடித்தோம். இருநூறு விருந்தினரும் நாதஸ்வரமும் சமையல்காரரும் காத்திருக்கும் ஒரு கல்யாணத்தில் அந்த நாற்பது நிமிடம் எத்தனை பேருடைய கோபமாக மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நிச்சயமில்லாத வானத்தின் கீழ் மணம் செய்ய நினைப்பவர்கள் குறைக்க வேண்டியது ஆசையை அல்ல, ஆள்களைத்தான் என்பது அந்தக் காருக்குள் எனக்கு உறுதியானது. நால்வர் மட்டும் என்றால் காத்திருக்கலாம், நூறடி தள்ளி நிற்கலாம், இடி கேட்டால் இரண்டே நிமிடத்தில் காருக்குள் வந்துவிடலாம்.

பனி கடைசிவரை விலகவில்லை. எட்டு மணிக்கு மேல் காத்திருந்தால் அனுமதி நேரம் முடிந்துவிடும் என்பதால் பனிக்குள்ளேயே நின்று தாலி கட்டிக்கொண்டார்கள். பக்கத்தில் ஒரு வாத்து கத்திக்கொண்டிருந்தது. அதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. பிற்பகல் ஒன்றரைக்குப் பக்கத்து ஊரான எஸ்டெஸ் பார்க்கில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஆலங்கட்டி கூரையை உடைப்பதுபோல் பெய்தது.

படங்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்த அக்கா, தொலைபேசியில் கேட்டாள்: "எல்லாம் சரி தம்பி, மலை எங்கேடா?"