ஆரஞ்சு முனை இருந்தால் போதாது

"முனையில் ஆரஞ்சு மூடி இருந்தால் போதும், பிரிட்டனில் பொம்மைத் துப்பாக்கியைச் சிறுவர்களும் வாங்கலாம்" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. ஆரஞ்சு முனை அமெரிக்க விதி. பிரிட்டனில் அது செல்லாது.

இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டம் 2006 தான் அளவுகோல். அசலைப் போலவே தோன்றும் போலித் துப்பாக்கியை விற்பதும் இறக்குமதி செய்வதும் குற்றம். அருங்காட்சியகம், நாடகம், திரைப்படம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. தப்பிக்க வேண்டுமானால் பொம்மையின் பிரதான நிறமே பளிச்சென்ற சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு, ஊதா, நீலம் இவற்றில் ஒன்றாகவோ, உடல் ஒளி ஊடுருவுவதாகவோ இருக்க வேண்டும். அல்லது 38 மி.மீ. உயரம், 70 மி.மீ. நீளத்துக்குள் அடங்க வேண்டும். கறுப்பு உடலில் ஆரஞ்சு முனை இதில் எதிலும் சேராது.

நிறம் சரியாக இருந்தாலும், அது போலித் துப்பாக்கி (துப்பாக்கியின் தோற்றம் கொண்ட பொருள்) என்ற வரையறைக்குள் வந்தால் 18 வயது நிரம்பாதவருக்கு விற்பது கடைக்காரர் குற்றம், வாங்குவது அந்தச் சிறுவனின் குற்றம். பெற்றோர் வாங்கிப் பரிசளிப்பதை இந்த வயது விதி தடுக்கவில்லை. பலர் குழம்புவது இங்கேதான்.

பெற்றோர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு. பளிச் நிறப் பொம்மைக்கு வீட்டில் கறுப்பு ஸ்ப்ரே அடித்து அசல்போல ஆக்கினால், அந்த மாற்றமே தனிக் குற்றம். தக்க காரணமின்றிப் பொது இடத்தில் போலித் துப்பாக்கியை வைத்திருப்பதும் குற்றம். 12 மாதம் வரை சிறை உண்டு. பூங்காவுக்கு எடுத்துப்போக விடாதீர்கள்.